வயர் மாட்ட வந்தவர்

— தட்டை இப்படிக் கொடுங்க, கருணா. அப்பா பார்க்கிறதுக்குள்ள.

— ஏன் மீனாச்சி? பொண்ணு கேட்டு வர்றவன் கையில தட்டு இல்லாம வந்தா நல்லாவா இருக்கும்? வெத்தலை, பாக்கு, பூ, ரெண்டு சீப்பு வாழைப்பழம். பூங்காவனம் அத்தை பார்த்துப் பார்த்து அடுக்கிக் கொடுத்தாங்க. நீ வாசல்லயே பிடுங்கினா என்ன அர்த்தம்?

— லைன்ல இருங்க, சொல்றேன். உங்க கருவிப் பை எங்க?

— கருவிப் பையா? ஞாயித்துக்கிழமை, பட்டு வேட்டி கட்டி, சென்ட் போட்டு வந்திருக்கேன். கருவிப் பையை எவனாச்சும்...

— சைக்கிள்ல இருக்கா, இல்லையா?

— இருக்கும். டெலிபோன் கேபிள் ஒட்டுறவன் சைக்கிள்ல அது இல்லாம வேற என்ன இருக்கும்?

— அப்பாடா. போய் எடுத்துட்டு வாங்க. வேட்டியை மடிச்சுக் கட்டுங்க. அந்த சென்ட் வாசனைக்கு ஒண்ணும் செய்ய முடியாது, விடுங்க.

— மீனாச்சி, நீ இப்ப சொல்லலேன்னா நான் இப்படியே சைக்கிளைத் திருப்பி எங்க ஊரு செமாபோக்குக்கு மிதிச்சுடுவேன். சத்தியமா.

— கத்தாதீங்க. அப்பா பின்கட்டுல கோழிக்குத் தீனி போட்டுட்டு இருக்கார். விஷயம் என்னன்னா, அவர் உங்களை மாப்பிள்ளையா எதிர்பார்க்கல. ஸ்பீக்கர் வயர் மாட்ட வர்ற ஆளா எதிர்பார்த்து காலையிலிருந்து உட்கார்ந்திருக்கார்.

— என்னது?

— போன வாரம் உங்க அத்தை வந்தாங்கல்ல? 'சம்மந்தம் பேச வந்திருக்கேன்'னு ஆரம்பிச்சாங்க. நாங்க மலாக்கா செட்டி ஆளுங்க, பல தலைமுறையா வீட்ல மலாய்தான்னு உங்களுக்குத் தெரியும். அத்தைக்கோ கடைத்தெருவுல பேசுற பாசார் மலாயே தடுமாறும். அப்பா என்னைப் பார்த்து, இந்த அம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டார். நடுக்கூடத்துல பார்த்தா, கப்பலேறிப் போன வெள்ளைக்காரத் துரையோட ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி, வாலறுந்த வயரோட கிடக்கு. சம்மந்தம்ங்கிறது சம்போங்னு ஆயிடுச்சு.

— சம்போங்கா? மலாய்ல இணைக்கிறதுக்குச் சொல்றதா?

— அதேதான். 'இந்த அம்மாவோட அண்ணன் மகன் வந்து வயரை சம்போங் பண்ணிக் கொடுப்பார்'னு அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. அவர் சந்தோஷமா தலையை ஆட்டி, பாகுஸ், ரொம்ப நல்லது, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுன்னுட்டார்.

— அந்தத் தலையாட்டலைப் பார்த்துட்டு அத்தை செமாபோக் முழுக்கச் சொல்லியாச்சு, தாயே. பொண்ணு வீட்ல சரின்னுட்டாங்க, பொண்ணோட அப்பா வாயெல்லாம் பல்லுன்னு. நல்லையா மாமா பந்தல்காரன்கிட்ட பேசிட்டு வந்துட்டாரு. இப்ப நான் வயரை மாட்டிட்டு வீட்டுக்குப் போய் என்னன்னு சொல்றது?

— முதல்ல மாட்டுங்க. அப்புறம் யோசிக்கலாம். அதோ, செருப்புச் சத்தம். சிரிங்க.

— மீனாச்சி, யாரு வந்தது? ஆ, தம்பி. வாங்கோ, வாங்கோ. நான் கணபதி பிள்ளை. பசியாறியாச்சா?

— ஆச்சுங்க ஐயா. நான் கருணாகரன்.

— தெரியும், தெரியும். என் மக ஆபரேட்டரா வேலை செய்யிற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல கேபிள் ஜாயிண்டர். தம்பி, என் தமிழ் ஓட்டை சட்டி. ஒழுகும். ஆனா தமிழ் ஆளு வந்தா நான் தமிழ்தான் பேசுறது. அது மரியாதை. சரிதானே?

— ரொம்ப சரிங்க ஐயா.

— இது என்னா? வயர் வேலைக்குப் பட்டு வேட்டியா?

— கோயிலுக்குப் போய்ட்டு நேரா வர்றார், அப்பா.

— பாகுஸ். சாமி பார்த்துட்டு கரண்டு தொடுறது நல்லது. இந்த வாழைப்பழம்?

— அது வந்து, ஐயா, உங்களுக்குத்தான்...

— பர்ச்சுக்குக் கொண்டு வந்திருக்கார், அப்பா. சனிக்கிழமை நம்ம வீட்ல பழப் பர்ச்சுன்னு நான் எக்ஸ்சேஞ்ச்ல சொல்லியிருந்தேன்.

— அப்படியா? தம்பிக்கு பர்ச்சு தெரியுமா?

— செத்துப்போன பெரியவங்களுக்கு இலை போட்டுப் படைக்கிறதுன்னு மீனாச்சி சொல்லியிருக்கு, ஐயா. எங்கள்ல அதைப் படையல்னு சொல்லுவோம்.

— அதேதான். ஆனா நம்ம காஜா பெராங்ல எல்லா வீட்லயும் உண்டு. ரெண்டு வருஷம் முன்னே என் பொண்டாட்டி ருக்மணிதான் படைச்சா. போன வருஷம் துக்கம், படைக்கல. இந்த வருஷம் ருக்மணிக்கே படைக்கிறோம்.

— கேள்விப்பட்டேன் ஐயா. மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு.

— அவளுக்குப் பாட்டுன்னா உயிர் தம்பி. மலாய் கெரோன்சோங் பாட்டு. நான் லேண்ட் ஆபீஸ் கிளார்க். துரை வீட்டுக்கு சாயங்காலம் ஃபைல் கொண்டு போறப்ப அவளும் கூட வருவா. நான் உள்ளே போவேன், அவ ஜன்னல் வெளியே நிப்பா. இந்தப் பாட்டுத் தட்டு மிஷின்லதான் துரை பாட்டு போடுவாரு. 'ஒரு நாளைக்கு நம்ம வீட்லயும் இப்படி ஒண்ணு வேணும்'னு சொல்லுவா. மெர்டேக்கா வந்துச்சு, நாட்டுக்கு சுதந்திரம், துரை மூட்டை கட்டினாரு. எனக்கு இதைக் கொடுத்துட்டுப் போனாரு. ஆனா அவ போயிட்டா. சரி, சனிக்கிழமை அவ சாப்பிட வர்றப்ப பாட்டு இருக்கணும். அதுக்குத்தான் தம்பியை வரச் சொன்னது.

— போட்டுடலாம் ஐயா. கவலைப்படாதீங்க.

— இப்ப பாருங்கோ. இதுதான் மிஷின். இது ரெண்டு பெட்டி. புது மாதிரி, ஸ்டீரியோ. வயரை மட்டும் மூட்டை கட்டுறவன் கத்தரிக்கோல்ல வெட்டிட்டான்.

— வயர் நல்ல வயர்தான் ஐயா. கனமா இருக்கு. நுனிக்குத்தான் ஏதாவது போடணும். என் பிஸ்கட் டின்னைத் திறக்கிறேன். ஆபீஸ் சாமான் இல்லீங்க, எல்லாம் பண்டார் ஹிலிர் ரேடியோ கடையில நான் சொந்தமா வாங்கி வச்சது.

— எதுக்கு வாங்கினது?

— சும்மா, ஆசைக்குத்தான் ஐயா. சிலர் தபால்தலை சேர்க்கலையா?

— மீனாச்சி, இவரு பிளக் சேர்க்கிற ஆளாம்.

— எனக்குத் தெரியும், அப்பா. எக்ஸ்சேஞ்ச்ல எல்லாரும் சிரிப்பாங்க.

— இதைப் பாருங்க ஐயா. இது முதலை கிளிப். பல்லு இருக்கு பாருங்க. சட்டுன்னு கடிச்சுக்கும். ஆனா பூனை தட்டினாக்கூட வாயைத் திறந்துடும். இது கவட்டை நுனி. திருகுக்கு அடியில காலை விரிச்சு உட்கார்ந்துக்கும், மேல இறுக்கினா அசையாது. இது வாழைப்பழ பிளக்.

— பீசாங்கா? எங்கே, காட்டுங்கோ. ஆமா, வயிறு உப்பலா இருக்கு.

— அந்த உப்பல் ஸ்பிரிங்தாங்க. துளையில சொருகினா உள்ளே இறுக்கிப் பிடிக்கும். வேணும்னா உருவிக்கலாம்.

— துரை வீட்ல இதுதான் இருந்துச்சு. தம்பி, எல்லாத்துக்கும் பீசாங் போட்டுடுங்கோ.

— போடலாம் ஐயா. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு ரெண்டு விஷயம் கேட்டுக்கணும்.

— இதுல கேக்குறதுக்கு என்னா இருக்கு? துரைக்குத் தெரியாததா?

— துரை வீட்ல பர்ச்சு கிடையாதுல்ல?

— அது சரி. கேளுங்கோ.

— மிஷின் இந்த மூலையிலேயே இருக்குமா?

— ஆமா. அதை யாரும் தொடுறது இல்லே.

— பெட்டி ரெண்டும்?

— வாசக்கதவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஆனா விசேஷம்னா கூடத்துல பாய் போடணும், சொந்தக்காரங்க உட்காரணும். அப்ப பெட்டியை நகர்த்துவோம்.

— அப்போ மிஷின் பக்கம் கவட்டை. திருகுல இறுக்கிட்டா அது பாட்டுக்கு இருக்கும். பெட்டிப் பக்கம் மட்டும் வாழைப்பழம். நகர்த்தும்போது உருவிக்கலாம், திரும்பச் சொருகிக்கலாம். ஆனா ஒண்ணு ஐயா, மிஷின் ஓடும்போது மட்டும் உருவிடாதீங்க. பெட்டி இல்லாம அது சும்மா ஓடினா உள்ளே கருகிடும்.

— கேட்டியா மீனாச்சி? அப்புறம் நீதான் கூட்டிப் பெருக்குறப்ப இழுத்துட்டேன்னு சொல்லக்கூடாது.

— நான் நாள் முழுக்க பிளக்கு சொருகி உருவுறவ, அப்பா. எனக்கே சொல்றீங்களா?

— பாகுஸ், பாகுஸ். நான் போய் ஏணி, ஆணி, சுத்தியல் எல்லாம் எடுத்துட்டு வர்றேன். பக்கத்து வீட்ல கொடுத்திருக்கு. மீனாச்சி, தம்பிக்குக் கோப்பி போடு.

— போயிட்டாரு. மீனாச்சி, உன்னை ஒண்ணு கேக்கணும்.

— ஈயம் உருக்குற சூட்டுக்கோலைக் காய வைங்க. கேட்டுக்கிட்டே வேலை செய்யலாம்.

— இந்த நுனியைப் பிடி. அசையாம பிடி. நீ எக்ஸ்சேஞ்ச்ல சேர்ந்து எத்தனை வருஷமாச்சு?

— ஏன்?

— ஒரு நாளாச்சும் தப்பான லைனுக்கு இணைச்சு திட்டு வாங்கியிருக்கியா? எனக்குத் தெரிஞ்சு இல்ல. மூணு பாஷையில ஒரே நேரத்துல பேசுற. நாலு பேரு கத்துனாலும் யாரு என்ன கேட்டாங்கன்னு சரியா சொல்ற. அப்பேர்ப்பட்ட உனக்கு சம்மந்தம்ங்கிறது சம்போங்னு கேட்டுச்சாக்கும்.

— ஈயம் சொட்டுது, பாருங்க.

— சொட்டட்டும். வேணும்னுதானே சொன்ன?

— என்ன சொல்றது... ஆமா. வேணும்னுதான் சொன்னேன்.

— அடிப்பாவி.

— கோபப்படாதீங்க. இதுக்கு முன்னால ரெண்டு தமிழ்க் குடும்பம் வந்து கேட்டுச்சு. ஆளைக்கூடப் பார்க்காம அப்பா வாசல்லயே வேணாம்னுட்டார். மறுபடி அதைப் பத்திப் பேசவே விடல. அன்னிக்கு உங்க அத்தை வாயைத் திறந்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. மலாய்ல 'பொண்ணு கேட்டு வந்திருக்காங்க'ன்னு சரியா சொல்லியிருந்தேன்னா, அதோட முடிஞ்சிருக்கும். உங்களைப் பார்த்துட்டு வேணாம்னு சொன்னா நான் தாங்கிக்குவேன். பார்க்காமலே சொல்லக்கூடாதுல்ல? அதான் வாயில சம்போங்னு வந்துடுச்சு.

— அதுக்கு என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?

— சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?

— கருவிப் பையோட வந்திருப்பேன். பட்டு வேட்டியில சூடு வச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்.

— ஐயோ, எங்க? காட்டுங்க. சின்ன ஓட்டைதான். மடிப்புல மறைஞ்சுடும்.

— மீனாச்சி, நான் சொல்றதைக் கேளு. உங்க அப்பாவை எனக்குப் பிடிச்சுப் போச்சு. செத்துப்போன பொண்டாட்டி பாட்டு கேக்கணும்னு ஏணி தூக்கப் போயிருக்காரு மனுஷன். அவர்கிட்ட வயர்காரன்னு பொய் சொல்லி வீட்டுக்குள்ள வந்தவன்னு நாளைக்கு எனக்குப் பேரு வேணாம். பாட்டு ஓடினதும் சொல்லிடப் போறேன்.

— இன்னிக்கு வேணாம். ரெண்டு மூணு தடவை வாங்க. பழகுங்க. பிளக் லூஸாயிடுச்சுன்னு நான் கூப்பிடுறேன்.

— என் பிளக் லூஸாகாது.

— கடவுளே, இதுல என்ன கௌரவம் உங்களுக்கு.

— இல்ல, கேளு. அவர் வேணாம்னு சொன்னா சொல்லட்டும். நான் யாருன்னு தெரிஞ்சு சொல்லட்டும். அத்தைக்கும் நான் அப்படித்தான் சொல்லிக்குவேன்.

— வேணாம்னு சொல்லிட்டா நான் என்ன செய்யிறது, கருணா? அதைச் சொல்லுங்க. நாளைக்கு ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஊருக்கெல்லாம் இணைச்சுக் கொடுத்துட்டு உட்காரவா?

— அழாத. வயர் ஆடுது. இந்தா, கண்ணைத் துடைச்சுக்க. இன்னும் ஒரு பிரச்சனை. இந்த வயர்ல ரெண்டு இழையும் ஒரே பழுப்பு நிறம். எது எதுன்னு குறி வைக்கணும். மிஷின்ல சிவப்பு திருகுல மாட்டினது பெட்டியிலயும் சிவப்புக்கே போகணும்.

— குங்குமம் கொண்டு வரவா? சாமி ரூம்ல இருக்கு.

— நல்லதாப் போச்சு. கொண்டா. நான் பேட்டரியும் பல்பும் வச்சு எந்த இழைன்னு பார்த்துச் சொல்றேன், நீ பொட்டு வை.

— வயருக்குப் பொட்டு வச்சவ இந்த மலாக்காவுலயே நான் ஒருத்திதான்.

— உன் நெத்தியிலயும் கொஞ்சம் வச்சுக்க. அழுத முகம் தெரியாம இருக்கும்.

— தம்பி, ஏணி வந்தாச்சு. பெலான் பெலான், மெதுவா, இந்தக் கதவுல இடிக்காம. கோப்பி குடிச்சாச்சா?

— இன்னும் போடல, அப்பா. வயர் பிடிச்சுட்டு இருந்தேன்.

— சரி, சரி. தம்பி, இப்ப வயர் எப்படி போகுது? மிஷின்ல இருந்து இந்தப் பெட்டிக்குக் கிட்டக்க. அந்தப் பெட்டிக்கு வாசக்கதவைத் தாண்டிப் போகணும். நான் நினைச்சேன், தரையில போட்டு மேல பாய் போட்டா தெரியாது.

— தரையில வேணாங்க ஐயா.

— ஏன்? கொஞ்ச தூரம்தானே. வயரும் மிச்சம்.

— பர்ச்சு அன்னிக்கு இந்த வாசக்கதவைத் திறந்துதானே வைப்பீங்க?

— ஆமா. திறந்து வச்சாத்தான் பெரியவங்க உள்ளே வருவாங்க.

— அப்போ அம்மா வர்ற வழி அது. அவங்க கால்ல வயர் தடுக்கக்கூடாதுல்ல?

— அப்பா? என்ன அப்பா, உட்கார்ந்துட்டீங்க?

— ஒண்ணும் இல்லேம்மா. ஏணி கனம். சொல்லுங்கோ தம்பி. அப்ப எப்படி?

— நிலைக்கு மேல ஏத்தி அந்தப் பக்கம் இறக்கிடுறேன். மேல மாவிலை கட்டியிருக்கீங்கள்ல, அதுக்குப் பின்னாடி வயரை ஓட்டிட்டா கண்ணுக்கே தெரியாது. கொஞ்சம் நீளம் கூட ஆகும். என்கிட்ட இருக்கு.

— ஓட்டுங்கோ.

— இலையை நான் தூக்கிப் பிடிச்சுக்கிறேன், அப்பா. நீங்க ஏணியைப் பிடிங்க.

— பிடிச்சிருக்கேன். தம்பி, பட்டு வேட்டி பத்திரம். ஏற்கனவே ஓட்டை விழுந்துடுச்சு போல.

— அது... சின்ன ஓட்டைதாங்க ஐயா.

— சின்ன ஓட்டைதான். மடிப்புல மறைஞ்சுடும்.

— முடிஞ்சுது ஐயா. இறங்கிட்டேன். இப்ப மிஷின் பக்கம் கவட்டையை இறுக்குறேன். ஆச்சு. பெட்டிக்கு வாழைப்பழத்தைச் சொருகணும். சிவப்புக்குக் குங்குமம் வச்சது. இந்தப் பெட்டி ஆச்சு. அந்தப் பெட்டியும் ஆச்சு.

— மீனாச்சி, அந்தப் பாட்டுத் தட்டு எடு. பச்சை அட்டை போட்டது. உங்கம்மாவுக்குப் பிடிச்சது. மெதுவா வை, கீறல் விழும்.

— வச்சுட்டேன், அப்பா. சுத்துது.

— பாடுது ஐயா. ரெண்டு பெட்டியும் பாடுது.

— ம்.

— என்ன ஐயா? பிடிக்கலையா?

— பாடுது தம்பி. ஆனா பாடுற அம்மா எங்கே நிக்கிறா? துரை வீட்ல கேட்டப்ப, ரெண்டு பெட்டிக்கும் நடுவுல நின்னு பாடுவா. கண்ணை மூடினா ஆளே தெரியும். இங்கே என்னா, அந்தப் பக்கமும் இல்லே, இந்தப் பக்கமும் இல்லே, குரல் வீடு பூரா சிதறிக் கிடக்கு. கனமான சத்தமும் கம்மி. மேளம் எங்கே போச்சு?

— எனக்கு நல்லாத்தானே கேக்குது, அப்பா.

— உனக்கு ஹெட்போன் காது. ஒரு பக்கம்தான் கேக்கும். தம்பி, நீங்கோ கேளுங்கோ. நடுவுல வந்து நில்லுங்கோ.

— ஆமாங்க ஐயா. நடுவுல ஆளே இல்ல. ஒரு பெட்டியில மாத்திச் சொருகியிருக்கேன். ஒண்ணு தள்ளும்போது ஒண்ணு இழுக்குது, அதான் ரெண்டும் சேர்ந்து குரலைத் தின்னுடுது. மிஷினை அணைக்கிறேன். எந்தப் பெட்டின்னு பார்க்கிறேன்... அட கண்றாவி.

— என்ன கருணா?

— ரெண்டு இழையுமே சிவப்பா இருக்கு. உன் குங்குமம் என் விரல்ல ஒட்டி, நான் தொட்டதுக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கேன். கை வேற வேர்த்திருக்கு.

— தம்பிக்கு ஏன் கை வேர்க்குது? கேபிள் ஜாயிண்டர்தானே? தினம் செய்யிற வேலைதானே?

— ஏணி ஏறினதுல, அப்பா.

— நான் தம்பியைக் கேட்டேன்.

— முதல்ல இதைச் சரி பண்ணிடுறேன் ஐயா. பிளக்கா இருக்கிறது நல்லதாப் போச்சு. உருவி, இதை அதுல, அதை இதுல. அவ்வளவுதான். இப்ப மிஷினைப் போடு மீனாச்சி.

— போட்டுட்டேன்.

— ஐயா, இப்ப?

— ஷ்.

— அப்பா...

— ஷ். பேசாதே. அங்கே பாரு. கதவு நடுவுல. மாவிலைக்குக் கீழே. அங்கேதான் நிக்கிறா.

— ஐயா, தண்ணி கொண்டு வரச் சொல்லவா?

— வேணாம் தம்பி. சந்தோஷம். பாட்டு முடியட்டும்.

— கருணா, பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. அவர் அழுறார்.

— பாட்டு முடிஞ்சாச்சு தம்பி. பாகுஸ். ரொம்ப பாகுஸ். மீனாச்சி, கோப்பி எங்கே? இவரு வந்ததுல இருந்து சொல்றேன்.

— ஐயா, கோப்பி குடிக்கிறதுக்கு முன்னால ஒரு விஷயம் சொல்லணும்.

— லைன்ல இருங்க, கருணா.

— இல்ல மீனாச்சி. இனிமே லைன்ல இருக்க முடியாது. ஐயா, என் கை வேர்த்தது ஏணியால இல்ல. நான் இந்த வீட்டுக்கு வயர் மாட்ட வரல. அந்த வாழைப்பழம் பர்ச்சுக்குக் கொண்டு வந்ததும் இல்ல. என் அத்தை அன்னிக்கு உங்ககிட்ட பேச வந்தது வேற. உங்களுக்கு அது வேற மாதிரி வந்து சேர்ந்துடுச்சு. உங்க மகளை எனக்குக் கட்டிக் கொடுக்கணும்னு கேக்கத்தான் வந்தாங்க. எனக்கு அவளைப் பிடிக்கும் ஐயா. ரெண்டு வருஷமா பிடிக்கும். வேணாம்னா சொல்லுங்க, நான் மரியாதையாப் போயிடுறேன். ஆனா வயர்காரனா நினைச்சு என்னை வழியனுப்பாதீங்க.

— அப்பா, அவர் மேல தப்பு இல்ல. நான்தான் மாத்திச் சொன்னேன். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க.

— உட்காருங்கோ, ரெண்டு பேரும். தம்பி, நான் ஒண்ணு கேக்குறேன். உங்க அத்தை அன்னிக்கு இங்கே கோப்பி குடிச்சாங்களே, குடிச்சுட்டு என்னா சொன்னாங்க தெரியுமா?

— தெரியாதுங்க ஐயா.

— இந்த வீட்ல சீனிக்கு என்ன பஞ்சமோன்னு சொன்னாங்க. மெதுவா, தனக்குத்தானே. தமிழ்ல.

— அப்பா, உங்களுக்கு அது புரிஞ்சுதா?

— வாய்தான் போச்சும்மா. காது போகலே. நான் பக்கத்து வீட்டுக்கு ஏணி எடுக்கப் போனாலும் காது இங்கேதான் இருந்துச்சு. முன்னே ரெண்டு குடும்பம் வந்துச்சு. வாசல்ல நின்னு, இவனுங்களுக்குத் தமிழே தெரியாது, எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவானுங்கன்னு சிரிச்சாங்க. அதுவும் கேட்டுச்சு. அதான் வேணாம்னேன். உங்க அத்தை சிரிக்கல. சீனி மட்டும்தான் கேட்டாங்க.

— அப்போ... அத்தை சொன்ன அந்த வார்த்தை?

— தம்பி, எங்க ஆளுங்களுக்குத் தமிழ் எல்லாம் போச்சு. அரிசிக்கு மலாய், தண்ணிக்கு மலாய், சண்டை போடுறதுகூட மலாய். ஆனா கல்யாண வார்த்தை மட்டும் போகலே. தாலி, பரிசம், சம்மந்தம். எங்க அப்பா ருக்மணி வீட்டுக்குப் போய் இந்த வாசல்லதான், அப்ப இது அவ வீடு, இதே வார்த்தையைத்தான் சொன்னாரு. அதை எனக்கு யாரு மாத்திச் சொல்ல முடியும்?

— தெரிஞ்சுக்கிட்டே என்னை ஏணியில ஏத்தினீங்களா ஐயா?

— வயரும் மாட்டணும்ல?

— அப்பா, தெரிஞ்சும் ஏன் அன்னிக்கே ஒண்ணும் சொல்லல?

— என் மக ஊருக்கே சரியா இணைக்கிறவ, வீட்ல மட்டும் வேணும்னு தப்பா இணைக்கிறா. அப்ப அந்தப் பக்கம் இருக்கிறது முக்கியமான ஆளுன்னு எனக்குத் தெரியாதா? தம்பி, சனிக்கிழமை அத்தையைக் கூட்டிட்டு பர்ச்சுக்கு வாங்கோ, சீனி நிறைய போடச் சொல்றேன். ருக்மணியும் வந்திருப்பா, அவ முன்னாலேயே சம்மந்தம் பேசிடுவோம். ஆனா இந்த வாட்டி நேரா பேசுவோம். நடுவுல எக்ஸ்சேஞ்ச் வேணாம்.